லான்ட் றோவரின் அச்சுப் பல்லை மாற்றலாமா?

அண்மைக் காலத்தில் கமக்காரர் அமைப்புகளின் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு கேள்வி எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றது. "எங்கட லான்ட் றோவர் தார் றோட்டில கத்திக்கொண்டு நிக்குது, ஓடுதில்லை. அச்சில இருக்கிற பல்லை மாத்தினால் நல்லா ஓடுமாம், டீசலும் மிச்சமாம். மாத்துவமோ பாதர்?"

கேள்வி நியாயமானது. இந்த வண்டிகள் வாங்கப்பட்ட காலத்தில் எமது வீதிகள் கிரவலும் கிடங்குமாக இருந்தன. மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஏ9 வீதியும் அதனுடன் சேரும் பல வீதிகளும் காப்பற் வீதிகளாயின. மரக்கறி ஏற்றிச் செல்லும் சிறிய லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு எம்மை முந்திப் போகின்றன. 2022இல் எரிபொருள் கியூஆர் முறையில் பங்கிட்டுத் தரப்பட்டபோது, ஒரு லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கை எல்லோரும் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் ஒரு மெக்கானிக் வந்து, "மூன்றரைப் பல் ஒன்று கிடக்குது, போட்டுத் தரட்டோ?" என்று கேட்டால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் இது ஒரு தனி மனிதனின் வண்டியும் அல்ல, ஒரு தனி மனிதனின் பணமும் அல்ல. பத்து, பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் வண்டி. பலமுறை இடம்பெயர்ந்து, இருந்ததையெல்லாம் இழந்து, மறுபடியும் சேர்த்த பணம். ஆகவே கராஜில் வண்டியை விடுவதற்கு முன் இந்தப் பல் என்ன வேலை செய்கின்றது என்பதைச் சங்கத்தில் உள்ள எல்லோரும் விளங்கிக்கொள்வது நல்லது. எமது விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வயலுக்கும் குளக்கட்டுக்கும் போய்வந்து பாரம் இழுக்கும் வண்டிக்கு மாற்ற வேண்டாம். மாற்றுவது சரியாக வரும் வண்டிகளும் உண்டு. உங்களுடைய வண்டி எந்த வகை என்பதை ஒரு சதமும் செலவழிக்காமல் நீங்களே பரீட்சித்து அறியலாம். அந்தப் பரீட்சையைச் சொல்வதே இக்கட்டுரையின் முக்கிய நோக்கம்.

பல் என்ன செய்கின்றது?

இடம்பெயர்ந்த நாட்களில் சைக்கிளில் மூட்டை கட்டி உழக்கியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பின்சில்லில் 18 பல் பிறீவீல் இருந்த இடத்தில் 22 பல் போட்டால் சைக்கிள் பாரத்தோடு இலகுவாக இழுக்கும். ஆனால் அதே தூரத்துக்கு அதிகம் உழக்க வேண்டும். குறைந்த பல் போட்டால் வெறும் சைக்கிள் பறக்கும், மூட்டை ஏற்றினால் முழங்கால் நோகும். இழுவையும் ஓட்டமும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. ஒன்றைக் கொடுத்தே மற்றதை வாங்க வேண்டும்.

வாகனத்திலும் இதேதான். எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டிக்குள் போய், அதன் பின்னால் உள்ள ட்ரான்ஸ்பர் பெட்டிக்குள் போய், புறொப்பெலர் சாப்ட் எனப்படும் நீளத் தண்டு வழியாக அச்சுக்கு வருகின்றது. அச்சின் நடுவில் உள்ள உருண்டைக் கூட்டுக்குள் ஒரு சிறிய பற்சில்லும் ஒரு பெரிய பற்சில்லும் உண்டு. சிறியதைப் பினியன் என்றும் பெரியதைக் கிறவுண் வீல் என்றும் கராஜில் சொல்வார்கள். சாதாரண நாலு சிலிண்டர் சீரிஸ் 2, சீரிஸ் 3 லான்ட் றோவர்களில் பினியனுக்கு 10 பல், கிறவுண் வீலுக்கு 47 பல். அதாவது சில்லு ஒருமுறை சுற்றுவதற்கு நீளத் தண்டு 4.7 முறை சுற்ற வேண்டும். மெக்கானிக் போட்டுத் தருவதாகச் சொல்லும் "மூன்றரைப் பல்" என்பது 13 பல்லும் 46 பல்லும் கொண்ட சோடி. அதில் தண்டு 3.54 முறை சுற்றினால் போதும். இக்கட்டுரையில் 4.7ஐ இழுவைப் பல் என்றும் 3.54ஐ ஓட்டப் பல் என்றும் அழைப்போம்.

இழுவைப் பல் தற்செயலாக வந்தது அல்ல. லான்ட் றோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதை எண்ணிய மொறிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளர், வேல்ஸ் நாட்டு அங்கிள்சித் தீவில் இருந்த தமது பண்ணையில் பழைய யுத்தகால ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்து பார்த்தவர். உழவு இயந்திரத்துக்கும் லொறிக்கும் இடைப்பட்ட, கமக்காரனுக்கான ஒரு வண்டி வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அந்த வண்டியில் பட்டி பூட்டி வேறு இயந்திரங்களை ஓட்டவும் வசதி இருந்தது. எனவே எமது வண்டி தார் றோட்டில் கத்துகிறது என்று குறை சொல்லும்போது, அது தார் றோட்டுக்கென்று செய்யப்படாத வண்டி என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டப் பல்லின் வரலாறு வேறு. அது 1970இல் வந்த ரேஞ்ச் றோவருக்குப் போடப்பட்டது. அந்த வண்டியின் எஞ்சின் எட்டு சிலிண்டர், மூன்றரை லீற்றர், ஏறத்தாழ 135 குதிரை வலு. எமது சீரிஸ் 3 டீசல் எஞ்சின் 2286 கனசென்ரிமீற்றர், 62 குதிரை வலு. இரண்டு மடங்குக்கு மேல் பலமுள்ள எஞ்சினுக்குச் செய்த பல்லை இதற்குப் போடுகிறோம் என்பது முதலாவது விடயம். இரண்டாவது விடயத்தைப் பல மெக்கானிக்மார் சொல்வதில்லை. ரேஞ்ச் றோவரின் அச்சில் 3.54 இருந்தாலும் அதன் கியர் பெட்டியும் ட்ரான்ஸ்பர் பெட்டியும் வேறு. மிகவும் தாழ்ந்த கியரில் அதன் எஞ்சின் ஏறத்தாழ 48 முறை சுற்றினால்தான் சில்லு ஒருமுறை சுற்றும். சீரிஸ் 3இல் இழுவைப் பல்லோடு அந்தக் கணக்கு 40.6. ஓட்டப் பல்லைப் போட்டால் 30.6. ஆகவே "ரேஞ்ச் றோவரிலயும் இந்தப் பல்தானே, அது மலை ஏறுதே" என்று யாராவது சொன்னால் அச்சை மட்டும் பார்த்துச் சொல்கிறார் என்பது பொருள்.

கிடைப்பதும் போவதும்

சீரிஸ் 3 குட்டை வண்டியில் 6.00-16 ரயர் இருப்பதாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். அந்த ரயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.25 மீற்றர் உருளும். நாலாம் கியரில் மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2400 முறை சுற்றுகின்றது. 80 ஓடினால் 3200. ஓட்டப் பல் போட்டால் இவை முறையே 1800 ஆகவும் 2400 ஆகவும் குறையும். நாலில் ஒரு பங்கு குறைவு. சத்தம் குறையும், அதிர்வு குறையும், வெறும் வண்டியாகச் சமதரையில் ஓடும்போது டீசலும் ஓரளவு குறையும். இந்த எண்களைச் சொன்னவுடன் கூட்டத்தில் இளைஞர்களின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறோம்.

இனி மற்றப் பக்கம். எஞ்சின் சுற்று நாலில் ஒரு பங்கு குறையும்போது ஒவ்வொரு கியரிலும் சில்லுக்குப் போகும் இழுவையும் நாலில் ஒரு பங்கு குறைகின்றது. முதலாம் கியர், பழைய முதலாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடைப்பட்ட ஒன்றாகிவிடும். நெல் மூடை ஏற்றிக்கொண்டு வயல் வரம்பைக் கடந்து வீதிக்கு ஏறும் இடத்தில் கிளச்சை அரைவாசியில் பிடித்துக்கொண்டுதான் வண்டியை எடுக்க வேண்டி வரும். சில மாதங்களில் கிளச் தட்டு கருகும். அந்தச் செலவைப் பல் மாற்றிய செலவோடு சேர்த்து யாரும் எழுதுவதில்லை. நாலாம் கியரோ பாரத்தோடு சிறு ஏற்றத்திலும் நிற்காது. மூன்றாம் கியருக்கு வர வேண்டும். ஓட்டப் பல்லில் மூன்றாம் கியர், பழைய நாலாம் கியரை விடச் சற்றுத்தான் பலமானது. அதாவது பணம் கொடுத்துப் புதிதாக வாங்கிய நாலாம் கியரைப் பாவிக்காமல், மூன்றாம் கியரில் முன்னர் ஓடியது போலவே ஓடிக்கொண்டிருப்போம். அப்படி ஓடும் வண்டியில் டீசல் மிச்சம் வராது.

கூட்டம் ஒன்றில் ஆண்கள் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் இருந்த வயதான தாய் ஒருவர், "ஏறுறதைப் பற்றித்தான் கதைக்கிறியள். இறங்கேக்க என்ன செய்யும்?" என்று கேட்டார். அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் மிகச் சிறந்த கேள்வி அதுதான்.

சிவப்புத் தலை நெம்பைப் பின்னுக்கு இழுத்துத் தாழ்ந்த நிலையில், முதலாம் கியரில் இறக்கத்தில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடினால் இழுவைப் பல்லுடன் மணிக்கு 3.3 கிலோமீற்றர். மாடு ஆறுதலாக நடக்கும் வேகம். ஓட்டப் பல்லுடன் 4.4 கிலோமீற்றர். பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் மாரியில் ஊறிய குளக்கட்டில், பின்னால் மூடைகளும் மூடைகளுக்கு மேல் பிள்ளைகளும் இருக்க, களிமண்ணில் இறங்கும் சாரதிக்கு அது சிறிய வித்தியாசம் அல்ல. எஞ்சின் பிடித்துக்கொள்ளும் பலமும் நாலில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பிறேக்கைத் தொட வேண்டி வரும். இந்த வண்டிகளின் நாலு சில்லுகளிலும் இருப்பவை பழைய ட்ரம் பிறேக். சேறும் தண்ணீரும் புகுந்தால் அவை சொன்னபடி கேட்பதில்லை.

கைப் பிறேக்கும் இதில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. மற்ற வாகனங்களில் கைப் பிறேக் சில்லைப் பிடிக்கும். சீரிஸ் லான்ட் றோவரில் அது ட்ரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னால் நீளத் தண்டைப் பிடிக்கின்றது. தண்டில் பிடிக்கும் பிடி அச்சுப் பல் வழியாகப் பெருகித்தான் சில்லுக்குப் போகின்றது. 4.7 மடங்காகப் பெருகியது 3.54 மடங்காகக் குறைந்தால், அதே கைப் பிறேக் அதே சரிவில் அதே பாரத்தை முன்னர் போலப் பிடிக்காது. கைப் பிறேக்கை நம்பிச் சரிவில் வண்டியை விட்டுவிட்டு மூடை இறக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். பல் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் சில்லுக்குக் கட்டை வைப்பதே பாதுகாப்பு.

செலவில்லாத பரீட்சை

பல்லை மாற்றாமலே மாற்றிய பின் வண்டி எப்படி இருக்கும் என்று அறிய முடியுமா? ஓரளவுக்கு முடியும். இழுவைப் பல்லுடன் தாழ்ந்த நிலையில் இரண்டாம் கியரின் கணக்கு 24.5. ஓட்டப் பல் போட்ட பின் உங்களுக்குக் கிடைக்கப்போகும் மிகத் தாழ்ந்த கியரின் கணக்கு 30.6. அதாவது இன்றைய தாழ்ந்த இரண்டாம் கியரை விட அது கொஞ்சம் பலமானது. எனவே ஒரு மாரி முழுவதும் தாழ்ந்த முதலாம் கியரைத் தொடுவதில்லை என்று சாரதியிடம் சொல்லிவிடுங்கள். சேற்றுக்குள்ளும் குளக்கட்டிலும் வயல் வாய்க்கால் கடக்கும் இடத்திலும் முழுப் பாரத்தோடு தாழ்ந்த இரண்டாம் கியரிலேயே எல்லா வேலையும் நடந்தால், இறக்கத்திலும் பிறேக்கைத் தொடாமல் அதே கியரில் வந்தால், ஓட்டப் பல் உங்களைச் சேற்றில் விட்டுவிடாது என்று துணிந்து சொல்லலாம். இரண்டொரு இடத்தில் மட்டும் முதலாம் கியர் தேவைப்பட்டால், அந்த இடங்களை எழுதி வைத்துக்கொண்டு சங்கத்தில் பேசுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் தேவைப்பட்டால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் பழைய பல்லே இருக்கட்டும்.

இரண்டாவது பரீட்சை தார் வீதியில். வழமையாகச் சந்தைக்குக் கொண்டுபோகும் பாரத்தை ஏற்றிக்கொண்டு, நாலாம் கியரில் 60இல் ஓடிப் பாருங்கள். சிறு ஏற்றங்களிலும் எதிர்க்காற்றிலும் வேகம் குறையாமல் போகிறதா? மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டி வருகிறதா? இன்றைய நாலாம் கியரையே இழுக்க முடியாத எஞ்சினுக்கு அதைவிடப் பாரமான நாலாம் கியரைக் கொடுப்பது, களைத்த மாட்டுக்கு இன்னும் இரண்டு மூடை ஏற்றுவது போன்றது.

இந்தப் பரீட்சையைக் கோடையில் செய்ய வேண்டாம். காய்ந்த தரையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.

ரயரும் ஒரு பல் மாற்றமே

சில சங்கங்களின் வண்டிகளில் பல் மாற்றத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே நடந்திருக்கின்றது. அவர்களுக்கே அது தெரியாது. குட்டை வண்டிக்கு உரிய 6.00-16 ரயர் கிடைக்காதபோது, சிறிய லொறிகளுக்குப் போடும் 7.50-16 ரயரைப் போட்டுவிடுகிறார்கள். அது ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.47 மீற்றர் உருளும். பத்தில் ஒரு பங்கு கூட. 4.7 பல்லை ஏறத்தாழ 4.3 பல்லாக மாற்றியதற்குச் சமம். வண்டியும் ஓர் அங்குலத்துக்கு மேல் உயரும். ஓட்டம் கொஞ்சம் வேண்டும், இழுவையும் அதிகம் போகக் கூடாது என்பவர்களுக்கு எமது சிபாரிசு இதுதான். ரயர் எப்படியும் வாங்க வேண்டிய பொருள். பிடிக்காவிட்டால் அடுத்த முறை பழைய அளவுக்குத் திரும்பலாம். றிம் அந்த ரயருக்கு ஏற்ற அகலமா, ஸ்ரேறிங்கை முழுதாகத் திருப்பும்போது எங்காவது உரசுகிறதா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய ரயரையும் போட்டு ஓட்டப் பல்லையும் போடுவது இரட்டை மாற்றம். அப்படிச் செய்த வண்டிகள் தாழ்ந்த கியரில்கூடச் சேற்றில் இழுக்க மறுக்கும்.

வேகமானியைப் பற்றியும் ஒரு சொல். அது ட்ரான்ஸ்பர் பெட்டியிலிருந்து சுற்றை எடுக்கின்றது. அச்சில் பல் மாறியது அதற்குத் தெரியாது. ஓட்டப் பல் போட்ட பின் அது 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 80இல் ஓடிக்கொண்டிருக்கும். ட்ரம் பிறேக் வண்டியில், பாரத்தோடு, 60 என்று நம்பிக்கொண்டு 80இல் போகும் சாரதியை நினைத்துப் பாருங்கள்.

இப்போது இருக்கும் பல் எது?

பல கைமாறி வந்த வண்டிகளில் முன்னைய சொந்தக்காரர் என்ன செய்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற மூன்று சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியரை நியூற்றலில் விடுங்கள். நான்கு சில்லு இழுவை பூட்டியிருக்கக் கூடாது. ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கியில் உயர்த்தி, அச்சுக்குக் கீழே உறுதியான மரக்குற்றி ஒன்றையும் வையுங்கள். கைப் பிறேக் தண்டைப் பிடிப்பதால் அதைத் தளர்த்தித்தான் இந்த வேலையைச் செய்யலாம். அதனால்தான் கட்டை வைப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறோம். சில்லிலும் தண்டிலும் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, உயர்த்திய சில்லைச் சரியாக இரண்டு முறை சுற்றுங்கள். மற்றவர் பக்கத்தில் இருந்து தண்டின் சுற்றை எண்ணட்டும். வண்டிக்குக் கீழே படுக்கத் தேவையில்லை. நாலேமுக்காலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் இழுவைப் பல். மூன்றரைச் சுற்று என்றால் ஓட்டப் பல் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றது. ஒரு சில்லு தரையில் நிற்பதால்தான் இரண்டு சுற்று என்ற கணக்கு.

முன் அச்சையும் இதேபோல் தனியாக எண்ண வேண்டும். பின் அச்சில் மட்டும் பல்லை மாற்றி, முன் அச்சை அப்படியே விட்ட வண்டிகளும் உண்டு. பாதிச் செலவில் காரியம் முடிந்தது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். மஞ்சள் தலையை அமத்தி முன் இழுவையைப் பூட்டியவுடன் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒரு சோடி மாடுகளில் ஒன்று நடக்க மற்றது ஓடினால் நுகம் என்ன பாடுபடும்? சேற்றில் சில்லு வழுக்கித் தப்பிக்கொள்ளும். கெட்டித் தரையில் ஏதாவது உடையும். "மஞ்சள் தலையைத் தொடாதே" என்று சாரதிக்குச் சொல்லி வைத்திருக்கும் வண்டி இனி லான்ட் றோவர் அல்ல. மழைக்காலத்தில் அது ஒரு பழைய வான்.

மாற்றுவதென்று தீர்மானித்தால்

88 அங்குலக் குட்டை வண்டிகளில் இரண்டு அச்சும் ஒரே வகை. அரை அச்சுகளை வெளியே இழுத்துவிட்டு நடுக்கூட்டை முழுதாகக் கழற்றலாம். பழைய ரேஞ்ச் றோவரின் நடுக்கூடு அந்த இடத்தில் உட்காரும். ஆனால் அரை அச்சின் நுனியில் உள்ள வரிப்பற்களை எண்ண வேண்டும். சீரிஸ் வண்டியில் 10. பிந்திய காலத்துக் கூடுகளில் 24. வாங்குவதற்கு முன் எண்ணாமல் வாங்கியவர்கள் இரும்புக் கடைக்காரருக்கு உபகாரம் செய்தவர்கள். 109 அங்குல நீள வண்டியின் கதை வேறு. சீரிஸ் 3 நீள வண்டியின் பின் அச்சு சோல்ஸ்பெரி எனப்படும் பாரமான வகை. அதன் நடுக்கூட்டை அப்படிக் கழற்ற முடியாது. பல்லை அச்சுக்குள்ளேயே வைத்துப் பொருத்த வேண்டும். அதற்கு உரிய கருவிகள் வேண்டும். நீள வண்டி வைத்திருப்பவர்கள் இந்த யோசனையை இதோடு விடுவதே நல்லது என்று நினைக்கிறோம்.

கிறவுண் வீலும் பினியனும் பிறக்கும்போதே சோடியாகப் பிறந்தவை. ஒரு கூட்டிலிருந்து ஒன்றையும் இன்னொரு கூட்டிலிருந்து மற்றதையும் எடுத்துப் பொருத்தினால் முதல் மாதம் ஊளையிடும், பிறகு பல் கொட்டும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு. அதை டயல் மானி வைத்துத்தான் அளக்க முடியும். மெக்கானிக்கிடம் டயல் மானி இருக்கிறதா என்று கேளுங்கள். "கையால ஆட்டிப் பார்த்தாலே எனக்குத் தெரியும்" என்று சொன்னால் தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள்.

பணக் கணக்கு இலகுவானது. ஒரு கணக்குக்காக, வண்டி மாதம் 600 கிலோமீற்றர் ஓடுகிறது, அதில் 400 மட்டும் தார் வீதி, லீற்றருக்கு 8 கிலோமீற்றர் என்று வைப்போம். தார் வீதிக்கு மாதம் 50 லீற்றர். ஓட்டப் பல்லால் அதில் பத்தில் ஒன்று மிஞ்சினால் 5 லீற்றர். அன்றைய டீசல் விலையால் அதைப் பெருக்குங்கள். இரண்டு கூடு, கூலி, புதிய ஒயில், சீல், போக்குவரத்து எல்லாம் சேர்த்த செலவை அந்தத் தொகையால் பிரித்தால் எத்தனை மாதத்தில் பணம் திரும்பும் என்பது வரும். உங்கள் வண்டியின் உண்மைக் கணக்கை எடுக்க, தாங்கியை நிரப்பி ஓடி, மறுபடி நிரப்பிப் பார்த்து மூன்று மாதம் எழுதி வைத்தால் போதும்.

எழுதி வைத்த கணக்கு மோசமாக இருந்தால் பல்லைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். பிறேக் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டி, காற்றுக் குறைந்த ரயர், அடைத்த காற்று வடி, தேய்ந்த இன்ஜெக்ரர் ஆகியவை டீசலைக் குடிப்பதில் எந்தப் பல்லுக்கும் குறைந்தவை அல்ல. பெற்றோல் எஞ்சின் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விடயம். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் எமது வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கெட்டித்தனத்தை எவ்வளவு மெச்சினாலும் தகும். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அந்தக் காலத்தில் தேய்ந்த எஞ்சின் பிறகு திறந்து பார்க்கப்படாமல் இருந்தால், அமுக்கத்தை முதலில் அளக்க வேண்டும். வலு இல்லாத எஞ்சினுக்கு ஓட்டப் பல் ஆகாது என்பதை மேலே கண்டோம்.

அப்படியானால் யார் மாற்றலாம்? தேய்ந்த எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பான் லொறியின் டீசல் எஞ்சினைப் போட்ட குட்டை வண்டிகள் சில ஓடுகின்றன. அந்த எஞ்சின்கள் குறைந்த சுற்றில் பலமாக இழுப்பவை, அதிக சுற்றுக்குப் போக விரும்பாதவை. 4.7 பல்லுடன் அவை 60இலேயே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட வண்டி பெரும்பாலும் தார் வீதியில் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் ஓடுவதாக இருந்து, சேற்று வேலையை உழவு இயந்திரம் பார்த்துக்கொள்வதாக இருந்து, மேலே சொன்ன இரண்டு பரீட்சையிலும் தேறினால் ஓட்டப் பல் பொருந்தும். பிறேக்கை முற்றாகத் திருத்திய பிறகு, வேகமானியையும் சரிப்படுத்திக்கொண்டு மாற்றலாம். ஓவர்டிறைவ் என்ற மேலதிகக் கியர் பெட்டி ஒன்றும் இந்த வண்டிகளுக்கு உண்டு. ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின்னால் பூட்டுவது. வேண்டியபோது போட்டு, வேண்டாதபோது எடுக்கலாம் என்பதால் பல் மாற்றுவதை விட அது மேலானது. எமது பக்கத்தில் காண்பது அரிது. கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

தீர்மானத்தைச் சாரதியும் தலைவரும் மட்டும் எடுக்க வேண்டாம். மூடைக்கு மேல் இருந்து வருபவர்களும், மழை இரவில் பிள்ளைப்பேற்றுக்கு அந்த வண்டியை நம்பியிருப்பவர்களும் கூட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு பரீட்சையின் முடிவையும் மூன்று மாத டீசல் கணக்கையும் வாசித்துக் காட்டிய பிறகு கை உயர்த்தச் சொல்லுங்கள்.

மாற்றுவதாகத் தீர்ந்தால், கழற்றிய பழைய இரண்டு கூடுகளையும் கூலிக்குக் கழித்துக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். மெக்கானிக் அவற்றைக் கேட்பார், ஏனென்றால் அவற்றின் பெறுமதி அவருக்குத் தெரியும். ஒயில் பூசி, உரப்பையில் சுற்றி, சங்கக் கட்டடத்தில் தரையில் படாமல் பலகைக்கு மேல் வையுங்கள். ஒரு மாரி கழியட்டும்.